கருவி செய்யும் தம்பி தங்கைகளுக்கு, ரத்தம் எடுக்கும் மேசையிலிருந்து ஒரு மடல்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உயிர் மருத்துவப் பொறியியல் படிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் அரசாங்க கிளினிக்குகளில் லேப் வேலை பார்த்தவள், பெரும்பாலும் செபராங் பிறைப் பக்கம். பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. என் அண்ணன் மகள் உங்களைப் போலவே கடைசி வருடத்தில் இருக்கிறாள். போன மாதம் அவள் படிக்கும் இடத்தில் இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி நடந்தது. "அத்தை, நீங்க கண்டிப்பா வரணும், எல்லாம் உங்க வேலையைப் பத்தினதுதான்" என்று அழைத்துப் போனாள். எல்லா மேசையிலும் நின்று பார்த்தேன். பார்த்ததில் பாதியைக் காரில் வரும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். மீதியை உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் கையில் எடுத்திருக்கும் வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனால், முடிவைக் கேட்க இன்னொரு நாள் வர வேண்டும். அந்த இன்னொரு நாளுக்கு அவளுடைய கூலி போகும். கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான், ஆனால் பஸ்ஸுக்கும் போன கூலிக்கும் யார் கணக்குப் போடுவது? பலர் திரும்பி வரவே மாட்டார்கள். அவர்களுடைய தாள்கள் கோப்பில் அப்படியே கிடக்கும். சில தாள்களில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். ரத்தச் சீனி லிட்டருக்கு 19 மில்லிமோல், ஹீமோகுளோபின் 7 என்று வட்டம் போட்ட தாளை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்குள் முடிவு கையில் கிடைக்க வேண்டும் என்று நீங்கள் பாடுபடுவது அந்தப் பெண்ணுக்காகத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கண்காட்சியில் கருவிகள் அழகாக இருந்தன. முப்பரிமாண அச்சில் வார்த்த வெள்ளைப் பெட்டி, சின்னத் திரை, கைப்பேசிச் செயலி, பின்னால் பெரிய சுவரொட்டி. அதில் கொட்டை எழுத்தில் "துல்லியம் 95%". நான் ஒவ்வொரு மேசையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: யாருடைய ரத்தத்தில் சோதித்தீர்கள்?

"குளுக்கோஸ் கலந்த தண்ணியில, ஆன்ட்டி" என்றார் ஒரு தம்பி. இன்னொரு மேசையில், குழுவில் இருந்த நான்கு பேரும் தங்கள் விரலையே குத்திப் பார்த்திருந்தார்கள். நான்கு பேருக்கும் 22 வயது. நோய் இல்லை, மெல்லிய தோல், சோப்புப் போட்டுக் கழுவிய கை, ஏர்கோன் அறை. அந்த விரல்களில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

எனக்கு வேறொரு விரல் நினைவுக்கு வந்தது. நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டதும் குலை வெட்டியவர். மாதம் ஒரு முறை சீனி பார்க்க வருவார். அவர் கையை வாங்கினால் பலகையைத் தொடுவது போல இருக்கும். விரல் நுனியில் தோல் தடித்து மஞ்சளாகி, கத்தி பட்ட பழைய தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் குத்தும் ஊசியான லான்செட்டை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும், ரத்தம் வராது. ஆழத்தை ஒரு படி கூட்டி மறுபடி குத்தினால் குண்டூசித் தலை அளவு ஒரு புள்ளி. அந்த நேரத்தில் கை தானாகவே விரலைப் பிடித்துப் பிதுக்கப் போகும். பிதுக்கினால் திசு நீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும், எண்ணும் மாறிவிடும். அதனால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவச் சொல்வேன். கையைக் கீழே தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து விரல் பக்கமாக மெல்ல நீவிவிடுவேன். நுனியை விட்டுவிட்டு விரலின் பக்கவாட்டில் குத்துவேன். ஸ்பிரிட் துடைத்திருந்தால் அது காயும்வரை பொறுத்திருப்பேன். முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைத்தான் எடுப்பேன். அவருக்குப் பின்னால் வரிசையில் 40 பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

உங்களில் ஒரு குழுவின் கருவிக்கு 20 மைக்ரோலிட்டர் ரத்தம் வேண்டும் என்றார்கள். கடையில் விற்கும் சீனிக் கருவிக்கு ஒரு மைக்ரோலிட்டரோ அதற்கும் குறைவோ போதும். 20 மைக்ரோலிட்டர் என்றால் அந்தப் பெரியவருக்கு மூன்று குத்து. மூன்றாவது குத்துக்கு அவர் கையை நீட்டுவார், மறுக்க மாட்டார். அடுத்த மாதம் வராமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான்.

விரல் துளியைப் பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேகன் பாண்ட், ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் என்ற இருவர் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே குத்திலிருந்து வரும் அடுத்தடுத்த துளிகளை அளந்து பார்த்தார்கள். ஹீமோகுளோபினும் அணுக்களின் எண்ணிக்கையும் துளிக்குத் துளி மாறின. நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் அளவுக்கு நிலையான எண் கிடைக்க ஆறு முதல் ஒன்பது துளிகளின் சராசரி தேவைப்பட்டது. கருவியில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் துளியே ஆடும் என்று அர்த்தம். துளியின் எல்லை இது என்று தெரியாமலோ, தெரிந்தும் சொல்லாமலோ போனால் எங்கே கொண்டு விடும் என்பதற்குத் தெரனோஸ் கதை இருக்கிறது. 19 வயது மாணவியாக எலிசபெத் ஹோம்ஸ் 2003இல் தொடங்கிய நிறுவனம் அது. ஒரு துளியில் எல்லாவற்றையும் சொல்வோம் என்றார்கள். முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் 2022 ஜனவரியில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வழக்கு முதலீட்டாளர்களின் பணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியது. தவறான தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நோயாளிகளைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

சீனிக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேர் அதைத்தான் எடுத்திருக்கிறீர்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய். இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அந்தக் கணக்கைப் படிப்பதற்கு முன்பே அது எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு குடும்பத்திலும் இரண்டு மூன்று பேரின் விரலைக் குத்தியிருக்கிறேன்.

ஒரு ரம்புத்தான் பருவத்தில் நடந்தது. ஓர் அக்கா வந்தார். விரல் குத்திப் பார்த்தால் 17.8. அவருக்கு எப்போதும் ஏழு, எட்டுதான் வரும். டாக்டரிடம் போயிருந்தால் மருந்தின் அளவு கூடியிருக்கும். அவர் நகத்தடியில் பழத்தோலின் சிவப்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். "வரும்போது பழம் உரிச்சீங்களாக்கா?" என்றேன். "பஸ்ல புள்ளைக்கு உரிச்சுக் குடுத்தேன்" என்றார். குழாயடியில் கை கழுவிவிட்டு வரச் சொன்னேன். 7.4. விரலில் ஒட்டிய பழச்சாறு எண்ணை எவ்வளவு ஏற்றிவிடும் என்று ஜப்பானில் ஒரு குழு 2011இல் சோதித்தே காட்டியிருக்கிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் போதாது, தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதும் அதில் தெரிந்தது. உங்கள் கருவியின் திரையில் 'கை கழுவினீர்களா?' என்று ஒரு வரி வருவதற்கு ஒரு காசும் செலவில்லை. கண்காட்சியில் எந்தக் கருவியிலும் அந்த வரி இல்லை.

ரத்தம் என்பது சீனித் தண்ணீர் இல்லை. அதில் சிவப்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் பங்கு குறைந்தால், அதாவது ரத்தசோகை இருந்தால், பல சீனிக் கருவிகள் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். நம் பெண்களில் எத்தனை பேருக்குச் சோகை இருக்கிறது என்று எந்த நர்ஸ் மிஸ்ஸியைக் கேட்டாலும் சொல்வார். சோகை உள்ள ஒரு பெண்ணுக்குச் சீனி உண்மையிலேயே மூன்றாக இறங்கிக் கை நடுங்கும்போது, கருவி நான்கரை என்று காட்டினால் "ஒன்றும் இல்லை, போய்ப் படுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. சில ஸ்ட்ரிப்களில் இருந்த ஒரு நொதிக்குக் குளுக்கோஸுக்கும் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களில் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தைச் செலுத்துவார்கள், அது உடலுக்குள் மால்டோஸாக உடையும். கருவி அந்த மால்டோஸையும் சேர்த்து எண்ணி, சீனி அதிகம் என்று காட்டியது. அதை நம்பி இன்சுலின் போட்டார்கள். 1997 முதல் 2009 வரை இப்படி 13 பேர் இறந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குத் தகவல் வந்து, 2009 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டார்கள். அந்தக் கருவிகள் பெரிய ஆய்வகங்களில் செய்யப்பட்டு, அனுமதி பெற்று, கடையில் விற்றவை. அதனால்தான் சீனிக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற உலகத் தரம் அவ்வளவு கறாராக இருக்கிறது. குறைந்தது 100 பேருடைய ரத்தம், மூன்று தனித்தனித் தயாரிப்புத் தொகுதிகள். சீனி 5.55 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் சரியான அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள்ளும், அதற்குக் கீழே இருந்தால் 0.83 மில்லிமோலுக்குள்ளும் 95 விழுக்காட்டு முடிவுகள் விழ வேண்டும். உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சரி, அந்த 95க்கு வருவோம். சுவரொட்டியில் 95% என்று பார்த்ததும் வருகிறவர்கள் கை தட்டுகிறார்கள். நான் ஒரு தங்கையிடம் பென்சிலும் தாளும் வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நூற்றில் ஒருவருக்கு இருக்கும் நோய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேரைச் சோதித்தால் 100 பேருக்கு நோய் இருக்கும். உங்கள் கருவி நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் 95 விழுக்காடு சரியாகச் சொல்கிறது. அந்த 100 பேரில் 95 பேரைப் பிடித்துவிடும், ஐந்து பேர் தவறிவிடுவார்கள். மீதி 9,900 பேரில் ஐந்து விழுக்காடு, 495 பேர். அவர்களுக்கு நோயே இல்லை, ஆனால் கருவி இருக்கிறது என்று சொல்லிவிடும். ஆக 590 பேர் கையில் 'பாசிட்டிவ்' தாள். அதில் 95 பேருக்குத்தான் உண்மையில் நோய். அந்தத் தங்கை தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இதை எங்களுக்கு யாரும் போட்டுக் காட்டலை, ஆன்ட்டி" என்றார். கெட்டிக்காரப் பிள்ளை. ஐந்து நிமிடத்தில், "அப்படின்னா எங்க கருவியை எல்லாருக்கும் போடக் கூடாது, அறிகுறி இருக்கிறவங்களுக்குத்தான் போடணும்" என்று அவரே சொன்னார்.

ஊசி குத்தாமல், விரலில் வெளிச்சம் பாய்ச்சிச் சீனியும் ஹீமோகுளோபினும் பார்க்கும் கருவிகள் மூன்று மேசைகளில் இருந்தன. ஊசி இல்லாத நாள் வந்தால் என்னைவிட மகிழ்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் தோலைக் குத்தாமல் தானாகவே சீனி அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம், அப்படி எதற்கும் நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில்கூட எச்சரித்தது. பெரிய பணமும் பெரிய மூளைகளும் பல வருடமாக மோதிக்கொண்டிருக்கும் கதவு அது. முயலுங்கள், தடுக்கவில்லை. முடிந்துவிட்டது என்று மட்டும் சுவரொட்டியில் போடாதீர்கள்.

வெளிச்சம் என்றதும் எனக்கு என் அப்பாதான் நினைவுக்கு வருகிறார். 2021இல் அவருக்குக் கோவிட். வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். விரலில் மாட்டி, வெளிச்சம் பாய்ச்சி ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 95க்குக் கீழே போனால் கூப்பிடுங்கள் என்றார்கள். அப்பா வாழ்நாள் முழுதும் வெயிலில் வேலை செய்தவர், நல்ல கறுப்பு. கருவி 95, 96 என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் மூச்சு வேகமாக ஓடியது, ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை நிறுத்தினார். நான் 31 வருடம் எண்களோடு வாழ்ந்தவள். அன்று இரவு எண்ணை நம்பிக் காலைவரை காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் தமனி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 86. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார், ஆனால் பழைய அப்பாவாக வரவில்லை.

என் அப்பா ஒருவரை வைத்துக் கருவியின் மேல் பழி போட மாட்டேன். இரவில் நோயும் ஏறியிருக்கலாம், விரல் குளிர்ந்தும் இருந்திருக்கலாம். ஆனால் அதற்குச் சில மாதம் முன்பு, 2020 டிசம்பரில், அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்திருந்தது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஜப்பானில் தக்குவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் இந்த வழியைக் கண்டுபிடித்தார். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கருவி அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஐம்பது வருடம் ஆகப்போகும் நேரத்தில்தான், கறுத்த தோலில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று உலகம் உரக்கப் பேசியது.

நீங்கள் கருவி செய்வது பினாங்கில். ஒரே பேருந்தில் எத்தனை நிறத் தோல் ஏறுகிறது என்று பாருங்கள். வெளிச்சத்தை நம்பும் எந்தக் கருவியையும் நம் தாத்தா பாட்டிகளின் விரலில், வங்காளதேசத் தொழிலாளியின் விரலில், சீனப் பாட்டியின் விரலில், மருதாணி போட்ட விரலில், நகச்சாயம் பூசிய விரலில் வைத்துப் பார்த்தீர்களா? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் இருப்பவர்கள் நமக்காகக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இங்கே பிறந்த நீங்கள் கேட்டால்தான் உண்டு.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டிங்கிக் காய்ச்சல் மும்முரமாக இருந்த ஒரு வருடம். (2019இல் மட்டும் நாடு முழுதும் 130,000 பேருக்கு மேல் டிங்கி. அந்த மாதிரி வருடங்களில் லேப் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.) ஒரு பையனின் ரத்தத்தை டிங்கி சோதனைக் கேசட்டில் விட்டேன். 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும். இடையில் ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்தார், ஓடினேன். திரும்பி வந்தபோது 50 நிமிடம் ஆகிவிட்டது. நோய் இருந்தால் தோன்றும் டி கோட்டின் இடத்தில் ஒரு சாம்பல் நிழல். பாசிட்டிவ் என்று எழுதினேன். காய்ந்த கேசட்டில் அப்படி நிழல் விழும், நேரம் தப்பினால் படிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன், ஏனென்றால் மறுபடி குத்த அந்தப் பிள்ளையைக் கூப்பிட மனம் வரவில்லை. அவனுக்கு இருந்தது சிறுநீர்த் தொற்று. மூன்று நாள் கழித்துத்தான் அதற்கு மருந்து தொடங்கினார்கள். பிழைத்துக்கொண்டான். நான் அதை மறக்கவில்லை.

டிங்கியில் இன்னொரு சிக்கல் நாள் கணக்கு. என்எஸ்1 என்ற வைரஸ் புரதம் காய்ச்சலின் முதல் நாட்களில் தெரியும், பிறகு மறையத் தொடங்கும். உடல் உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் நான்காம் ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். இரண்டாம் முறை டிங்கி வந்தவருக்கு என்எஸ்1 பிடிபடாமல் போவதும் உண்டு. ஆகவே 'நெகட்டிவ்' என்ற சொல்லுக்கு, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேட்காமல் பொருளே இல்லை. கோட்டைக் கேமராவில் படித்து முடிவு சொல்லும் செயலியைக் கண்காட்சியில் பார்த்தேன், நன்றாக இருந்தது. அதில் இரண்டே இரண்டு சேருங்கள். காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று தமிழிலும் மலாயிலும் வங்காளியிலும் நேப்பாளியிலும் கேட்கட்டும். நேரம் தாண்டிவிட்டால் படிக்க மறுக்கட்டும். அன்று என் மேசையில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

வெப்பம், ஈரம் பற்றி நீட்ட வேண்டாம், நீங்களே இந்த ஊர்க்காரர்கள். பெட்டியில் '30 டிகிரிக்குள் வைக்கவும்' என்று இருக்கும். தோட்டத்துக்குப் போகும் வேனின் பின்பக்கத்தில் மதியம் கையை வைத்துப் பாருங்கள்.

நம் மண்ணிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் இல்லை. யானைக்கால் நோயைக் கொடுக்கும் புழுக்களில் ஒன்றின் பெயரே 'புருகியா மலாயி'. அதன் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தக் குழாய்களில் உலவும். அதனால் அந்தக் காலத்தில் இரவு ரத்தம் எடுப்பார்கள். பத்து மணிக்கு மேல் கிராமத்துக்குப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி, விளக்கு வெளிச்சத்தில் விரல் குத்த வேண்டும். எனக்கு முந்தைய தலைமுறை லேப் ஆட்கள் அதைக் கதை கதையாகச் சொல்வார்கள், நாய் துரத்தியது உட்பட. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரஹ்மா நோர்டினின் குழு, புழுவின் ஒரு புரதத்துக்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் 'புருகியா ராப்பிட்' கேசட்டைச் செய்தது. அந்த எதிர்ப்பொருள் பகலிலும் ரத்தத்தில் இருக்கும். நடு இரவில் கதவு தட்டும் வேலை பகல் வேலையாயிற்று. நம் நாட்டோடு நிற்காமல் வெளிநாடுகளின் ஒழிப்புத் திட்டங்களுக்கும் அது போனது. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அஸ்மா இஸ்மாயிலின் குழு குடற்காய்ச்சலுக்கு 'டைபிடாட்' செய்தது. அதன் துல்லியம் மிதமானதுதான் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொன்னாலும், கிளந்தானில் தொடங்கிய ஒரு வேலை கடல் கடந்து போயிற்று. இரண்டிலும் முதலில் இருந்தது ஒரு மனிதரின் தொல்லை. கருவி அதற்குப் பிறகு வந்தது.

இன்னொரு பள்ளிக்கூடமும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் 1972 முதல் நம் பெண்கள் வேலை செய்கிறார்கள். மருத்துவப் பொருள் செய்யும் பி.பிரவுன் பினாங்குக்கு வந்ததும் அந்த வருடம்தான். என் நாத்தனார் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 28 வருடம் நுண்ணோக்கி வழியாகப் பற்றவைப்புகளைச் சோதித்தவர். கண்காட்சியில் எடுத்த படங்களை அவரிடம் காட்டினேன். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மூடி இடுக்குல ரத்தம் போனா எப்படித் தொடைப்பாங்க?" என்றார். பிறகு, "ஒண்ணு செய்யறது சுலபம் அண்ணி. பத்தாயிரமாவதும் முதலாவது மாதிரியே இருக்கணும், அதுதான் வேலை" என்றார். உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ அந்த வட்டாரத்தில் வேலை செய்திருந்தால், கருவியை முதலில் அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பத்துக் குறை சொல்வார்கள், பத்தும் உண்மையாக இருக்கும்.

உங்கள் விரிவுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐயா, அம்மா, மதிப்பெண் அட்டவணையில் 'கருவி தவறிய இடங்கள்' என்று ஒரு கட்டம் சேருங்கள். எத்தனை முறை தவறியது, யாருடைய விரலில் தவறியது, ஏன் தவறியது என்று நேர்மையாக எழுதிய பிள்ளைக்கு அதற்காகவே மதிப்பெண் கொடுங்கள். இப்போது தவறியதை மறைப்பவர்தான் நன்றாகத் தெரிகிறார். கண்காட்சியில் ஒரு தம்பி என் காதருகே வந்து, "பன்னிரண்டு ரீடிங்ல மூணு ரொம்பத் தள்ளிப் போச்சு ஆன்ட்டி, அதை எடுத்துட்டோம்" என்றார். எனக்கு அந்த மூன்றுதான் வேண்டும். அவை என் பெரியவரின் விரலாக இருக்கலாம்.

நம் நாட்டில் 2012 மருத்துவச் சாதனச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் கருவிகளை ஆபத்தின் அளவுப்படி ஏ முதல் டி வரை பிரிக்கிறார்கள். நோயாளி பக்கத்தில் வைத்துச் சீனி பார்க்கும் கருவி கீழ்ப்படியில் உட்காராது. அந்த விதிகளை நான்காம் வருடத்தில் ஒரு விரிவுரையாக முடித்துவிடாமல், முதல் வருடத்திலிருந்தே பேசினால் நல்லது. சுகாதார அமைச்சின் கிளினிக்கில் ஆய்வு செய்ய வேண்டுமானால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால்தான் பிள்ளைகள் சீனித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிள்ளைகள் மாறிப் போனாலும் அனுமதி தொடரும்படி, துறையே ஒரு கிளினிக்கோடு நீண்டகால ஏற்பாடு செய்து வைக்க முடியாதா?

தம்பி தங்கைகளே, அனுமதி வருவதற்கு முன்பும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கிளினிக் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு, ரத்தம் எடுக்கும் இடத்துக்கு வெளியே இருக்கும் நாற்காலியில் ஒரு காலை முழுதும் உட்காருங்கள். விடிந்தும் விடியாமல் வந்து எண் எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். கருவி பையிலேயே இருக்கட்டும், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யார் எந்தக் கையை நீட்டுகிறார்கள், மிஸ்ஸி எத்தனை முறை கையுறை மாற்றுகிறார், முடிவு எழுதிய தாள் யார் சட்டைப் பைக்குள் போகிறது, எவ்வளவு நேரத்தில் அது நனைந்து கசங்குகிறது என்று எழுதுங்கள். யாருடைய பெயரையும் எழுத வேண்டாம், படம் எடுக்க வேண்டாம்.

அந்தப் பால்மரம் வெட்டிய பெரியவர் இப்போது நிபோங் திபாலில் மகன் வீட்டில் இருக்கிறார், 81 வயது. போன வாரம் கோயிலில் பார்த்தேன். கருவி செய்கிற பிள்ளைகள் சிலர் உங்கள் கையைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். "ஊசி போடுவாங்களா?" என்றார். இல்லை, பார்ப்பதற்கு மட்டும்தான் என்றேன். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வரச் சொன்னார், அதற்கு முன் தூங்கிவிடுவாராம். என் அண்ணன் மகள் இந்த ஞாயிறு போகிறாள். அவளோடு இன்னும் மூன்று பேர் போக இடம் இருக்கிறது.

அன்புடன்,
செபராங் பிறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு லேப் ஊழியர்